மரிக்கான், மெரிக்கன், மரிக்கன்: ஒரே வீட்டில் மூன்று எழுத்து. எது சரி?

பினாங்குப் பேத்தி எழுதியது:

எல்லாருக்கும் ஸலாமும் வணக்கமும். போன மாதம் தம்பிக்கு ஆண் குழந்தை பிறந்தது. பிறப்பைப் பதிய 60 நாள் அவகாசம், அதில் 23 நாள் ஓடிவிட்டது. குழந்தைக்கு என்ன பெயர் என்பதில் வீட்டில் தகராறு இல்லை. தகராறெல்லாம் பெயரின் வாலில்தான்.

வாப்பாவின் ஐசியில் (அடையாள அட்டையில்) எம், ஏ, ஆர், ஐ, சி, ஏ, என் என்று இருக்கிறது. பெரிய வாப்பாவின் ஐசியில் இரண்டாவது எழுத்து ஈ. தம்பிக்குப் பதியும்போது யாரோ சி-யைக் கே ஆக்கிவிட்டார்கள். இத்தனைக்கும் மூவரும் ஒரே சட்டிச் சோறு தின்றவர்கள். என் பிறப்புச் சான்றிதழில் மட்டும் அந்தச் சொல்லே கிடையாது. "பொம்பளைப் பிள்ளைக்கு அது எதுக்கு" என்று வாப்பா விட்டுவிட்டாராம். இப்போது அதைத் துருவிக்கொண்டு உட்கார்ந்திருப்பது நான்தான்.

இந்தப் பெயரால் பட்ட பாடு கொஞ்சமில்லை. பழைய மலாய்ப் பேச்சில் அமெரிக்காக்காரனை 'மெரிக்கன்' என்பார்கள். அதனால் பெரிய வாப்பாவைப் பள்ளிக்கூடத்தில் "உன் கப்பல் எப்போ வருது துவான்?" என்று கேலி செய்வார்களாம். தம்பிக்குக் கைப்பேசியே போதும், எத்தனை முறை அடித்தாலும் முன்னால் ஓர் 'அ'வைச் சேர்த்துவிடுகிறது.

என் கேள்விகள் இவைதான். தமிழர்களுக்குக் குடும்பப் பெயர் கிடையாது என்கிறார்களே, எங்களுக்கு மட்டும் இது எப்படி வந்தது? கெடாவில் இருக்கும் மெரிக்கன்களும் கொழும்பில் இருக்கும் மரிக்கார்களும் எங்களுக்குச் சொந்தமா? குழந்தைக்கு எந்த எழுத்தைப் போடுவது?

கையில் இருப்பது வாப்பும்மா விட்டுப்போன ஒரு பிஸ்கட் டின். அதற்குள் பாட்டனாரின் வீட்டு வாடகை ரசீது ஒன்றும், ஓரம் கரையான் அரித்த கணக்கு நோட்டு ஒன்றும் இருக்கின்றன. நோட்டு முழுக்க அறபு எழுத்து. உஸ்தாதிடம் காட்டினேன், "இது அறபு இல்லையே" என்றார். ஜாவியாக, அதாவது அறபு எழுத்தில் எழுதிய மலாயாக இருக்கும் என்று ஒரு மலாய் ஆசிரியரிடம் கொண்டுபோனேன். அவர் இரண்டு வரி வாசித்துவிட்டுச் சிரித்தபடி திருப்பிக் கொடுத்துவிட்டார்.


கடலோடி எழுதியது:

வ அலைக்கும் ஸலாம். எனக்கு வயது 70 தாண்டிவிட்டது, பேத்தி என்றே கூப்பிடுகிறேன். பிறந்தது காரைக்கால், இருப்பது பட்டர்வொர்த். ரஜூலா கப்பலில் நாகப்பட்டினத்திலிருந்து வந்து இறங்கிய பையன்களில் நானும் ஒருத்தன்.

உங்கள் பெயர் மரைக்காயர். அதில் ஐயமே வேண்டாம். பழவேற்காட்டில் தொடங்கி பரங்கிப்பேட்டை, காரைக்கால், நாகூர், நாகப்பட்டினம், அதிராம்பட்டினம், தொண்டி, கீழக்கரை, காயல்பட்டினம் என்று கரையைப் பிடித்துக்கொண்டே போனால் ஊருக்கு ஊர் மரைக்காயர் இருப்பார்கள். கரையை விட்டு உள்ளே போய்விட்டால் ராவுத்தர். இவர்கள் கப்பல்காரர்கள், அவர்கள் குதிரைக்காரர்கள். மார்க்கச் சட்டப் பிரிவில் நம் ஆட்கள் ஷாஃபி, ராவுத்தர்கள் பெரும்பாலும் ஹனஃபி. மலாய்க்காரர்களும் ஷாஃபிதானே! அதனால்தான் வந்த இடத்தில் சம்பந்தம் சுலபமாக அமைந்தது, பள்ளிவாசலில் தொழுகை முறையிலும் முரண் இல்லை. அப்படிப் பிறந்த பிள்ளைகளைத்தான் ஜாவி பெக்கான் என்றார்கள்.

கெடாவைக் கேட்டீர்கள். பினாங்கைவிடக் கெடாதான் நமக்கு மூத்த ஊர். 1786-ல் ஆங்கிலேயக் கும்பெனியின் பிரான்சிஸ் லைட் இங்கே கொடி நாட்டியபோதே கெடாவில் நம் ஆட்கள் துணி விற்றுக்கொண்டிருந்தார்கள். 1794-ல் லைட் எழுதிய அறிக்கையில் சூலியாக்கள் (நம் ஆட்களுக்கு அன்று அந்தப் பெயர்) கெடாவில் நெடுங்காலமாக இருப்பவர்கள், சிலர் அங்கேயே பிறந்தவர்கள் என்று வருகிறது. தீவில் ஆயிரம் பேர் குடியிருக்கிறார்கள், சோழமண்டலக் கரையிலிருந்து வரும் கப்பல்கள் ஆண்டுக்கு 1,300 முதல் 2,000 பேரை இறக்குகின்றன என்றும் கணக்குச் சொல்கிறார். வந்தவர்களில் பலர் கொஞ்சம் காசு சேர்த்துக்கொண்டு ஊர் திரும்பிவிடுவார்கள்.

திரும்பாதவர்களில் பெரிய தலை காதர் முகைதீன் மரைக்காயர், பரங்கிப்பேட்டைக்காரர். வெள்ளைக்காரன் அவரைக் கப்பித்தான் கெலிங், அதாவது இங்கிருந்த தென்னிந்தியர்களின் தலைவர் ஆக்கினான். (கெலிங் என்ற சொல் இன்று வசையாகிவிட்டது. அன்றைக்கு அது பதவிப் பெயரிலேயே இருந்தது.) 1801-ல் கும்பெனியிடம் 18 ஏக்கர் நிலத்தை மானியமாகப் பெற்றுப் பள்ளிவாசல் கட்டினார். 1834-ல் மௌத்தானார். கம்போங் கோலம் தெருவில் அவருடைய கபுர் இருக்கிறது, போய் ஒரு ஃபாத்திஹா ஓதிவிட்டு வாருங்கள். பினாங்கில் மெரிக்கன் என்ற எழுத்து ஊன்றிப்போனதற்கு அவர் குடும்பத்தின் செல்வாக்கும் ஒரு காரணம் என்பது என் எண்ணம்.

பெயரின் மூலம் அறபு. 'மர்கப்' என்றால் கப்பல். மர்கப்காரர், மரைக்காயர். முடிந்தது கதை.


சொல்லாசை எழுதியது:

கடலோடி நானா அவ்வளவு சீக்கிரம் கதையை முடிக்க வேண்டாம். நான் கோலாலம்பூர் பிரிக்பீல்ட்ஸில் 22 வருடம் தமிழ் வாத்தியாராக இருந்தவன். அப்பா பெயரை ஒட்டிக்கொண்டே காலத்தை ஓட்டிவிட்ட கூட்டத்தைச் சேர்ந்தவன் என்பதால் உங்கள் பெயரைப் பார்த்தால் கொஞ்சம் பொறாமைதான்.

'மர்கப்' ஒரு கட்சி. இன்னொரு கட்சி 'மரக்கலம்' என்கிறது. மரக்கலம் என்பது நல்ல பழந்தமிழ்ச் சொல். மரக்கலராயர் என்பதே தேய்ந்து மரைக்காயர் ஆனது என்பார்கள். எனக்கு இரண்டாவதுதான் ஒத்துவருகிறது. மலையாளக் கரையில் முஸ்லிம் அல்லாத மீன்பிடிச் சாதி ஒன்றையும் 'மரக்கான்' என்றார்கள். அறபு வாசனையே படாதவர்களுக்கு 'மர்கப்' எங்கிருந்து வந்தது? எந்தக் கட்சியில் நின்றாலும் பொருள் ஒன்றுதான், கலத்தோடு பிழைத்தவன்.

அக்கா தேட வேண்டியது கடைசி எழுத்தை. தமிழில் 'அவன்', 'அவர்' என்பது போலத்தான் இதுவும். மரியாதை சேர்ந்தால் 'ர்', சேராவிட்டால் 'ன்'. இலங்கையில் 'ர்' நின்றது, மரிக்கார். கொழும்பு அருங்காட்சியகக் கட்டடம் 1877-ல் திறக்கப்பட்டதே, அதைக் கட்டியவர் வாப்பிச்சி மரிக்கார். கேரளத்தில் மரக்கார். கோழிக்கோட்டு மன்னர் சாமூதிரியின் கடற்படைத் தலைவர்களான குஞ்ஞாலி மரக்கார்கள் நால்வர், நான்காமவரை 1600-ல் போர்த்துகீசியர் கோவாவில் வெட்டிக் கொன்றார்கள். நானாவின் காரைக்காலில் பிரெஞ்சுக்காரன் ஆட்சி, அங்கும் முடிவு 'ர்'தான், நடுவில் சி. அந்த எழுத்தோடு ஆட்கள் சைகோன் வரை போய்க் கடை வைத்தார்கள். தென்னிந்திய முஸ்லிம்கள் 1935-ல் அங்கே கட்டிய பள்ளிவாசல் இன்றும் நகரின் நடுவில் நிற்கிறது.

பினாங்கிலும் கெடாவிலும்தான் 'ன்' கொடி கட்டிப் பறக்கிறது. சிங்கப்பூரில் இரண்டும் உண்டு. ஆக, எழுத்தைப் பார்த்தால் எந்தத் துறைமுகத்தில் எந்தக் குமாஸ்தாவிடம் பெயர் சொன்னார்கள் என்று ஓரளவு தெரிந்துவிடும். சொந்த ஊர் எது என்பது அதில் தெரியாது.

அப்புறம் அந்த நோட்டு. அறபும் இல்லை, ஜாவியும் இல்லை என்றால் அது அறபுத் தமிழாகத்தான் இருக்க வேண்டும். எழுத்து அறபு, மொழி தமிழ். ட, ண, ப போன்ற ஒலிகள் அறபில் இல்லை, அவற்றுக்காகப் பழைய எழுத்தோடு புள்ளியைக் கூட்டியிருப்பார்கள். உஸ்தாதுக்குத் தமிழ் தெரியாவிட்டால் கை விரிக்கத்தான் செய்வார். நீங்கள் ஓதக் கற்றவர்தானே? பொருள் தேடாமல் சத்தமாக எழுத்துக் கூட்டிப் பாருங்கள். பாட்டனார் தன் பெயரை எங்காவது எழுதியிருந்தால் கடைசி எழுத்து ரேயா (ர்) நூனா (ன்) என்று பார்த்துச் சொல்லுங்கள். ரசீதில் இருப்பது குமாஸ்தா கேட்டது. நோட்டில் இருப்பது அவரே சொன்னது.


சிராங்கூன்வாசி எழுதியது:

உற்சாகத்தில் தண்ணீர் ஊற்றுகிறேன், மன்னிக்க வேண்டும். மரைக்காயர் என்பது குலப்பெயர் இல்லை, பட்டம் மாதிரி. பெயர் ஒன்று என்பதற்காக உறவு என்று நினைத்தால், உலகத்தில் இருக்கிற செட்டியார் எல்லாம் அண்ணன் தம்பி ஆகிவிடுவார்கள். அப்துல் கலாமின் தகப்பனார் இராமேசுவரத்தில் படகு வைத்திருந்த ஜைனுலாப்தீன் மரைக்காயர். மகன் பெயரில் மரைக்காயர் இல்லை. ஊரில் அது வேண்டும்போது வரும், வேண்டாதபோது போகும். இங்கேதான் கடைசிக் கட்டத்தில் எதையாவது எழுதியே ஆக வேண்டும் என்று படிவம் கேட்டது, ஒட்டிக்கொண்டது. 1948-ல் அடையாள அட்டை வந்தபோது அன்றைக்கு வாயில் வந்தது அப்படியே உறைந்துபோனது. எங்கள் வீட்டிலும் அண்ணன் தம்பிக்கு இரண்டு எழுத்து.

உருப்படியாக ஒன்று சொல்கிறேன். சிங்கப்பூர்த் தேசிய நூலகம் மலாயாவின் பழைய செய்தித்தாள்களை இணையத்தில் இலவசமாகத் தேட வைத்திருக்கிறது. ஒரே எழுத்தில் தேடாதீர்கள். ஏ, ஈ, சி, கே, கடைசியில் ஆர், என் என்று மாற்றி மாற்றிப் போடுங்கள். கப்பல் வருகை, கடை ஏலம், கடன் வழக்கு விளம்பரங்களில் ஆட்கள் சிக்குவார்கள். என் பூட்டனார் சிக்கியது கடன் வழக்கில். பெருமைதான், என்ன செய்வது.


கடலோடி எழுதியது:

வாத்தியாரே, மரக்கான் விஷயம் எனக்குத் தெரியாது, ஒத்துக்கொள்கிறேன். ஆனால் மர்கப்பை நான் விடமாட்டேன். என் உம்மா சொன்னது.

சிராங்கூன் தம்பி சொன்னதோடு ஒன்று சேர்க்கிறேன். காயலிலும் கீழக்கரையிலும் வீடு பெண்ணுக்கு. மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்கு வந்து இருப்பார். அதனால் "எந்த வீட்டுப் பிள்ளை" என்று அங்கே கேட்டால் உம்மா வீட்டைத்தான் சொல்வார்கள். இங்கே வந்து பினாங்கில் வாப்பா வழியாக மட்டும் தேடினால் பாதிதான் கிடைக்கும். பேத்தி, வாப்பும்மாவின் உம்மா எந்தத் தெரு என்று யாராவது உயிரோடு இருப்பவரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். டின் எங்கும் ஓடிவிடாது, ஆட்கள்தான் போய்விடுவார்கள்.


பினாங்குப் பேத்தி எழுதியது:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி. நேற்று இரவு மகனைத் தூங்கவைத்துவிட்டு நோட்டை எடுத்துக்கொண்டு சமையலறை மேசையில் உட்கார்ந்தேன். வாத்தியார் சொன்னபடி சத்தமாகக் கூட்டினேன். முதல் பக்கத்தில் ஒன்றும் புரியவில்லை. பே மாதிரி வருவதைப் பே என்றே வாசித்துக்கொண்டிருந்தேன். மூன்றாம் பக்கத்தில் ஃபேக்குப் புள்ளி கூடியிருந்த ஒரு சொல், அதையே 'ப' என்று வைத்துப் பார்த்தேன். "பாக்கு." அடுத்த வரி, "பாக்கு." அதற்கடுத்ததும் பாக்கு! பக்கம் முழுக்கப் பாக்கு மூட்டைக் கணக்கு. புலாவ் பினாங் என்றாலே பாக்குத் தீவுதானே. 43 வயதில் பாட்டனாரின் குரலை முதல்தடவையாகக் கேட்டதுபோல் இருந்தது. அவர் பேசியதெல்லாம் பாக்கு விலைதான் என்றாலும்.

அவர் பெயர் கடைசி அட்டையின் உட்பக்கம் இருக்கிறது. மீம், ரே, காஃப், அலிஃப், யே, ரே. நூன் எங்கும் இல்லை. ரசீதில் குமாஸ்தாவின் கையெழுத்தில் 'ன்' என்று முடிகிறது, அதற்குக் கீழே அவர் போட்ட கையெழுத்தில் ரே. ஒரே தாளில் இரண்டும்.

நானா சொன்னதற்காகப் பெரிய மாமியிடம் கேட்டேன். அவருக்கு வயது 88. "நாகூர்" என்றார், பிறகு "இல்ல, பரங்கிப்பேட்டை" என்றார், பிறகு தேத்தண்ணி கேட்டார். நாளைக்கு மறுபடி போகிறேன்.

தம்பியிடம் எல்லாவற்றையும் சொன்னேன். ரேயைப் போடு என்றேன். பொறுமையாகக் கேட்டுவிட்டு, "அப்பன் பெயரும் பிள்ளை பெயரும் ஒத்துப்போகலைன்னா ஒவ்வொரு தடவையும் கவுண்டரில் யார் லாத்தா நிக்கிறது?" என்றான். அவன் ஐசியில் இருக்கிற அதே கே, அதே 'ன்' என்று இன்று காலை பதிந்தாகிவிட்டது. எனக்குக் கொஞ்சம் வருத்தம், ஆனால் அவன் சொன்னதில் தப்பும் இல்லை.

வாத்தியாருக்கு ஒரு கேள்வி. பாக்குக்கு எதிரே விலைக்கு முன்னால் எல்லா வரியிலும் ஒரே எழுத்து, தலையில் கோடு இழுத்த வாவ் மாதிரி வருகிறது. அது எடைக்கா, காசுக்கா? படம் எடுத்து நாளைக்குப் போடுகிறேன்.