அம்மாவுக்கு ரோபோ துணை: பயன்படுத்தியவர்கள் சொல்லுங்களேன்

வணக்கம். மறதி நோய் உள்ள அம்மாவுக்குத் துணையாக ரோபோ வாங்கலாமா என்று யோசிக்கிறோம். நாங்கள் பார்த்தது ஜப்பானில் உருவான பாரோ என்ற ரோபோ; சீல் என்ற கடல் விலங்கின் குட்டி வடிவம். தடவினால் கண் சிமிட்டும், முனகும், தலையைத் திருப்பும். 2009-இல் அமெரிக்காவின் உணவு, மருந்து நிர்வாகம் (எஃப்.டி.ஏ.) அதை மருத்துவச் சாதனமாக ஏற்றது. சரி, ஆனால் அது ஆளைத் தூக்கி உட்கார வைக்காது, மாத்திரையும் எடுத்துத் தராது. அம்மாவோ சாயங்காலமானால் "வீட்டுக்குப் போகணும்" என்று வாசல் கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பார். அந்த நேரத்தில் இது கவனத்தைத் திருப்புமா, இல்லை பயமுறுத்திவிடுமா? (பேட்டரி தீர்ந்து அசையாமல் கிடந்தால் செத்துவிட்டதென்று அழுவாரோ என்பது தங்கையின் கவலை.) கேமரா வைத்த, பேசும் ரோபோ என்றால் பதிவாகும் படமும் குரலும் எங்கே போகின்றன? வீட்டில் வைத்துப் பார்த்தவர்கள், ஆர்வம் எத்தனை நாள் நீடித்தது என்பதையும் சேர்த்து எழுதுங்கள்.