மயோசைடிஸ் என்று சொன்னேன், மயோகார்டைடிஸ் என்று எழுதிக்கொண்டார்கள்

படிக்கட்டு பயம்:
நாலு மாதம் ஆகிவிட்டது, இன்னும் மண்டைக்குள் ஓடிக்கொண்டே இருக்கிறது, எழுதியாவது தொலைக்கலாம் என்று நம் குழுவுக்கு வந்தேன். எனக்குப் பாலிமயோசைடிஸ், அதாவது கை கால் தசைகளில் அழற்சி வரும் மயோசைடிஸில் ஒரு வகை, நான்காவது வருடம், ப்ரெட்னிசோலோன் ஸ்டீராய்டு 10 மில்லிகிராமுக்கு இறங்கியிருந்த நேரம். ராத்திரி நெஞ்சில் ஒரு இறுக்கம். எமர்ஜென்சியில் ரத்தம் எடுத்தார்கள், இதயத் தசை சேதமானால் ரத்தத்தில் ஏறும் ட்ரோபோனின் டி 160. அது 14-க்குள் இருக்க வேண்டும். அவ்வளவுதான், அந்த இடமே பரபரத்துவிட்டது. எனக்கு மயோசைடிஸ், மயோசைடிஸ் என்று மூன்று தடவை சொன்னேன், குறிப்பெடுத்த டாக்டர் தலையை ஆட்டிக்கொண்டே கேஸ் ஷீட்டில் மயோகார்டைடிஸ், அதாவது இதயத் தசை அழற்சி, என்று எழுதியதைப் படுத்தபடி தலைகீழாகப் படித்தேன்.

அப்புறம் அந்த மோதிரம். ஆஞ்சியோவுக்கு முன்னால் எல்லாம் கழற்ற வேண்டுமாம், ஸ்டீராய்டில் ஊதிய விரலில் அது நகரவே இல்லை. நர்ஸ் சோப்புத் தண்ணீரை விட்டுத் திருகுகிறார், அந்தப் பக்கம் என் கணவரிடம் எங்கெங்கோ கையெழுத்து வாங்குகிறார்கள், நான் அந்த விரலையே பார்த்துக்கொண்டிருக்கிறேன். கொஞ்சம் தோலையும் உரித்துக்கொண்டுதான் வந்தது.

ஆஞ்சியோவில் ஒரு அடைப்பும் இல்லை. மூன்று மணி நேரம் கழித்து எடுத்த ட்ரோபோனின் 158. மாரடைப்பு என்றால் ஏறும், இல்லை இறங்கும், இப்படி அதே இடத்தில் உட்கார்ந்திருக்காதாம். மறுநாள் வந்த கார்டியாலஜிஸ்ட் ட்ரோபோனின் ஐ என்ற இன்னொரு வகையை எடுக்கச் சொன்னார், அது நார்மல். கை கால் தசை சேதமாகித் திரும்ப வளரும்போதே டி ஏறும், மாரடைப்புக்குப் பார்க்கிற சிகே-எம்பியும் ஏறும், ஐ அந்த அளவுக்கு ஏமாற்றாது என்றார். ரொம்ப நிதானமாகச் சொன்னார். முந்தின ராத்திரி எங்கே போயிருந்தீர்கள் என்று கேட்க வாய் வரை வந்தது.

மூச்சுப் பயிற்சி:
உங்களுக்கு நல்லபடியாக முடிந்தது, சந்தோஷம். ஆனால் இதைப் படித்துவிட்டு 'ட்ரோபோனினா, அது தசையிலிருந்து வருவது' என்று யாரும் வீட்டிலேயே படுத்துவிடக் கூடாது. என் கதை நேர் எதிர்.

எனக்கு டெர்மடோமயோசைடிஸ், தசையோடு தோலையும் பிடிக்கிற வகை. தசைச் சேதத்தைக் காட்டும் சிகே இறங்கிக்கொண்டிருந்தது, முகத்துச் சிவப்பு போய்விட்டது, எல்லாருக்கும் திருப்தி. எனக்கு மட்டும் சும்மா உட்கார்ந்திருக்கும்போதே நாடி 110. பதற்றம் என்றார்கள். எக்கோ எடுத்தார்கள், பம்பிங் 60 சதவீதம், ஒன்றுமில்லை என்று அனுப்பிவிட்டார்கள். மூன்றாவது முறை போனபோது ட்ரோபோனின் ஐ-யும் கூடியிருந்தது, அப்போதுதான் இதயத்துக்கு எம்ஆர்ஐ எழுதினார்கள். அந்தக் குழாய்க்குள் 'மூச்சை இழுங்கள், விடுங்கள், அப்படியே பிடியுங்கள்' என்று ஸ்பீக்கரில் ஒரு குரல் சொல்லிக்கொண்டே இருந்தது. பத்து விநாடிதான், என்னால் ஆறுக்கு மேல் முடியவில்லை, நெஞ்சுத் தசையில் தெம்பு இருந்தால்தானே. மன்னித்துவிடுங்கள் சார், மன்னித்துவிடுங்கள் சார் என்று நானே அந்த மெஷினிடம் சொல்லிக்கொண்டிருந்தேன். படத்தில் இதயச் சுவரில் வெள்ளையாக ஒரு திட்டு. தொடைத் தசையில் வந்த அதே அழற்சி அங்கேயும். பழையபடி ஸ்டீராய்டை ஏற்றினார்கள்.

படிக்கட்டு பயம்:
வீட்டில் படுத்துவிடுங்கள் என்று நான் எங்கே சொன்னேன்? நெஞ்சு வலித்ததும் நான்தானே முதலில் ஓடினேன். ஓடிய இடத்தில் காது கொடுத்துக் கேட்டிருக்கலாம் என்பதுதான் என் புகார்.

மூன்றாம் பெஞ்ச்:
சண்டை வேண்டாம். இது என் அப்பாவுக்கு நடந்தது. அவருக்கும் பாலிமயோசைடிஸ், இரண்டு மாதத்தில் மூன்று தடவை விழுந்தார். தொடையில் பலம் இல்லை, விழத்தான் செய்வார் என்று வாக்கர் வாங்கிக் கொடுத்தோம். வாக்கரைப் பிடித்துக்கொண்டே நான்காவது தடவையும் விழுந்தார். அன்று சாயங்காலம் வீட்டில் இருக்கிற பிபி மெஷினைக் கட்டினேன், பல்ஸ் 38 என்று காட்டியது. மெஷினில் கோளாறு என்று பேட்டரியை மாற்றினேன். 38. என் கையில் கட்டிப் பார்த்தேன், 84. திரும்ப அப்பா கையில் கட்டினேன், 38. அவர் ஏன்டா இத்தனை தடவை அமுக்குகிறாய், கை வலிக்கிறது என்கிறார்.

முழு ஹார்ட் பிளாக், இதயத்தின் மேல் அறையிலிருந்து கீழ் அறைக்கு மின்சாரமே போகவில்லை. மறுநாளே பேஸ்மேக்கர் வைத்தார்கள். பழைய ஃபைலைப் புரட்டினால் ஆறு மாதத்துக்கு முன்னால் எடுத்த இசிஜியிலேயே பண்டில் பிராஞ்ச் பிளாக் (அந்த மின்பாதையின் ஒரு கிளையில் தடை) என்று அச்சடித்து வந்திருக்கிறது. நோய் தசையில் என்று நாங்கள் தசையையே பார்த்துக்கொண்டிருந்தோம். அந்தப் பழைய பேட்டரி இரண்டும் இன்னும் மேஜையில் கிடக்கிறது, நல்ல பேட்டரி, தூக்கிப் போட மனசு வரவில்லை.

கணக்குப்பிள்ளை:
எனக்கு ஐந்தாவது மாதத்தில் இடது காலில் ரத்தக்கட்டி. ஒரு செருப்பு மட்டும் ஏறவில்லை, டாப்ளர் ஸ்கேன் எடுத்தால் டிவிடி (DVT), காலின் ஆழமான ரத்தக் குழாயில் கட்டி. இவ்வளவுதான் என் கதை. ஆனால் நீங்கள் எல்லாரும் இதயத்தையே பேசுகிறீர்கள், ரத்தக் குழாயை விட்டுவிட்டீர்கள், அதைச் சொல்லியே ஆக வேண்டும். மயோசைடிஸ்காரர்களுக்குக் கால் ரத்தக் குழாயிலும் நுரையீரலிலும் கட்டி உறையும் ஆபத்து நோய் கண்டுபிடித்த முதல் வருடத்தில்தான் அதிகம், ஒரு கால் மட்டும் வீங்கினால் ஸ்டீராய்டு வீக்கம் என்று தள்ளிவிடாதீர்கள், ஸ்டீராய்டு வீக்கம் இரண்டு காலையும் பிடிக்கும். ஐவிஐஜி, அதாவது நோய் எதிர்ப்புப் புரதத்தை நரம்பு வழியாக, ஏற்றுகிறவர்கள் இன்னும் உஷார், கிலோவுக்கு 2 கிராம் என்று அத்தனை புரதம் உள்ளே போகும்போது ரத்தம் கெட்டியாகும், தண்ணீர் குடித்துவிட்டுப் போங்கள், வேகத்தைக் குறைக்கச் சொல்லத் தயங்காதீர்கள், எவ்வளவு நேரமானாலும் ஆகட்டும். அடுத்து, நோயே ரத்தக் குழாயைக் கெடுக்கும், அதற்கு மேல் ஸ்டீராய்டு பிபி, சுகர், கொழுப்பு மூன்றையும் ஏற்றும். யூலார் என்ற ஐரோப்பிய ரூமட்டாலஜி அமைப்பு 2022-ல் வெளியிட்ட இதயப் பரிந்துரைகளில் மயோசைடிஸையும் சேர்த்திருக்கிறார்கள், பிபிக்கும் கொழுப்புக்கும் மற்ற ஜனங்களுக்குச் செய்கிற அதே வைத்தியத்தைச் செய்யச் சொல்கிறார்கள், ஆகவே வருடம் ஒருமுறையாவது லிப்பிட் பாருங்கள். ஈரல் பரிசோதனையில் ஏஎஸ்டி, ஏஎல்டி கூடியிருந்தால் ஈரல் கெட்டுவிட்டது என்று கொழுப்பு மாத்திரையை நிறுத்துவார்கள், அந்த இரண்டும் தசையிலிருந்தும் வரும், தசையால் ஏறாத ஜிஜிடி எடுத்துப் பார்க்கச் சொல்லுங்கள். ஹைட்ராக்ஸிகுளோரோகுயின் சாப்பிடுகிறவர்கள் இசிஜியில் க்யூடி இடைவெளியைக் கேளுங்கள், அது நீண்டால் இதயத் துடிப்பு தாறுமாறாகலாம். புகையை விடுங்கள். உட்கார்ந்தே இருக்காதீர்கள், பிசியோதெரபிஸ்ட் சொன்ன அளவுக்கு நடங்கள். ஸ்டாட்டின், அந்தக் கொழுப்பு மாத்திரை, என்றால் எல்லாரும் பேயைப் பார்த்த மாதிரி ஓடுகிறீர்கள், அது விஷம் இல்லை.

ஆறாயிரம்:
உங்களுக்கு விஷம் இல்லை. எனக்கு அதுதான் விஷம். ஹெச்எம்ஜிசிஆர் ஆன்டிபாடி என்று ஒன்று இருக்கிறது கணக்குப்பிள்ளை சார், ஸ்டாட்டின் சாப்பிட்ட சிலருக்கு உண்டாகும் தசை நோயில் ரத்தத்தில் காணப்படுவது, இத்தனை எழுதியவர் அதை ஒரு வரி எழுதியிருக்கலாம். அது இருக்கிறவர்களுக்கு ஸ்டாட்டினை நிறுத்தினால் மட்டும் நோய் நிற்காது. நான் நிறுத்தியபோது சிகே 6,000, ஒரு மாதம் கழித்து 9,000. தலை வாரக் கையைத் தூக்கினேன், பாதி வழியில் கை தன்பாட்டுக்கு இறங்கிவிட்டது, சீப்பு முடியிலேயே தொங்குகிறது, கண்ணாடியில் பார்த்துக்கொண்டே நிற்கிறேன். சிரிப்புதான் வந்தது, அப்புறம்தான் அழுகை.

எனக்கு இனி ஆயுசுக்கும் ஸ்டாட்டின் கிடையாது. இரண்டு வாரத்துக்கு ஒரு ஊசி, எவோலோக்குமாப், அதில் கொழுப்பு இறங்கிவிட்டது, தசைக்கும் தொந்தரவில்லை.

கணக்குப்பிள்ளை:
சரி, விட்டுப்போனது என் தப்புதான். அந்த ஆன்டிபாடி இல்லாதவர்களைத்தான் சொன்னேன். அவர்களில் பலர் டாக்டர் மேற்பார்வையில் சாப்பிட்டுக்கொண்டுதான் இருக்கிறார்கள், நான் உட்பட.

படிக்கட்டு பயம்:
மூச்சுப் பயிற்சி, கோபத்தில் பேசிவிட்டேன். நீங்கள் எழுதியதைப் படித்ததும் என் ரூமட்டாலஜிஸ்டிடம் கேட்டேன், எனக்கும் எம்ஆர்ஐ எழுதிவிட்டார், வியாழக்கிழமை. நேற்று அலாரத்தை வைத்துப் பார்த்தேன், எட்டு விநாடி பிடிக்க முடிகிறது. எம்ஆர்ஐயில் படம் தெளிவாக வரப் போடும் அந்தச் சாய ஊசி எரியுமா? இந்த முறை மோதிரத்தை வீட்டிலேயே விட்டுவிட்டுப் போகிறேன்.