மறு: ‘ரீமிக்ஸ்’ பொத்தானுக்குத் தமிழ்ச்சொல் – ‘வழியாக்கு’ சரிவருமா?

வணக்கம் நண்பர்களே,

கல்விக் கருவிகளைத் தமிழாக்கும் நம் குழுவில் ‘ரீமிக்ஸ்’ பொத்தானுக்குச் சொல் தேடும் இந்த இழை நீண்டுகொண்டே போகிறது, தெரியும். ஆனாலும் அதற்கு ‘மறுகலவை’ என்று முடித்துவிடும் முன் இன்னொரு சொல்லையும் பார்த்துவிடுங்கள் என்று கேட்டுக்கொள்கிறேன். இது அகராதியில் போய் உட்காரப்போகிற சொல் இல்லை. இணையத்தில் இன்னொருவர் போட்டு வைத்த பாடத்தை ஓர் ஆசிரியர் எடுத்துத் தன் வகுப்புக்கு ஏற்ற மாதிரி மாற்றும்போது அழுத்துகிற பொத்தானில் இருக்கப்போவது. அதைப் பார்த்ததும் ‘இதை நான் மாற்றலாம், எனக்கு அனுமதி உண்டு’ என்று அவருக்குத் தெரிய வேண்டும்.

‘ரீமிக்ஸ்’ என்றே விட்டுவிடலாமே என்று இரண்டு பேர் எழுதியிருந்தார்கள். கடன்சொல் மேல் எனக்குப் பகை கிடையாது, இணையவழிப் பாடங்களை நடத்தும் மூடுல், கணிதக் கருவியான ஜியோஜீப்ரா ஆகியவற்றை அப்படியேதானே எழுதுகிறோம். ஆனால் ரீமிக்ஸ் என்றதும் தமிழ் வாசகருக்கு நினைவுக்கு வருவது பழைய சினிமாப் பாட்டும் புதுத் தாளமும்தான். ஆங்கிலத்தில் அந்தச் சொல் கல்விக்குள் வந்ததற்கு ஒரு காரணம் உண்டு. எம்.ஐ.டி. மீடியா லேப் 2007இல் பொதுவில் வெளியிட்ட ஸ்க்ராட்ச் நிரல்மொழிக்கு அந்தப் பெயரே இசைத்தட்டைத் தேய்த்துப் புது ஒலி எழுப்பும் டிஜேக்களின் வித்தையிலிருந்து வந்தது, அதனால் அங்கே ‘ரீமிக்ஸ்’ என்ற பொத்தான் இயல்பாகப் பொருந்தியது. அந்தப் பொத்தான் என்ன செய்கிறது என்றும் பாருங்கள். ஒருவர் செய்த திட்டத்தை அப்படியே நகலெடுத்து நம் கணக்கில் வைக்கிறது, மூலத்தைச் செய்தவருக்கான நன்றியைத் தானாகவே சேர்த்துவிடுகிறது, அப்புறம் நாம் மாற்றிக்கொள்ளலாம். இதில் கலவை எங்கே இருக்கிறது? இரண்டு பொருளைக் கலந்தால்தானே கலவை! ஆசிரியர்கள் பெரும்பாலும் செய்வது ஒரே பாடத்தை எடுத்துத் திருத்துவதுதான்.

யாரும் எடுத்துப் பயன்படுத்தி மாற்றிக்கொள்ளலாம் என்கிற ‘திறந்த உள்ளடக்கம்’ என்ற கருத்தை 1998இல் முன்வைத்த டேவிட் வைலி இந்த வேறுபாட்டைத் தெளிவாகவே பிரித்திருக்கிறார். மறுபடி பயன்படுத்துதல், திருத்துதல், கலத்தல், பகிர்தல் என்று 2007இல் நான்கு உரிமைகளைச் சொன்னவர், 2014இல் கைவசம் வைத்துக்கொள்ளுதல் என்பதையும் சேர்த்து ஐந்தாக்கினார். திருத்துதல் வேறு, கலத்தல் வேறு. நம் பொத்தானுக்குத் தேவை இந்த இரண்டையும் ஒன்றாகத் தாங்குகிற சொல். ‘மறுகலவை’ ஒன்றைத்தான் தாங்கும்.

அந்தச் சொல்லை வெளியே தேட வேண்டியதில்லை, நம்மிடமே இருக்கிறது என்பதுதான் என் வாதம். தொல்காப்பிய மரபியல் நூல்களை முதலில் தோன்றிய முதல்நூல், அதைப் பின்பற்றி வந்த வழிநூல் என்று பிரிக்கிறது. வழிநூல் நான்கு வகை: விரிந்ததைத் தொகுத்தல், சுருங்கியதை விரித்தல், இரண்டையும் சேர்த்துச் செய்யும் தொகைவிரி, மொழிபெயர்த்தல். இப்போது ஓர் ஆசிரியர் என்ன செய்கிறார் என்று இதன் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். நாற்பது நிமிடப் பாடத்தைப் பத்து நிமிடமாகச் சுருக்குகிறார். ஒரு வரியில் கடந்து போன இடத்துக்குப் படமும் பயிற்சியும் சேர்த்து விரிக்கிறார். ஆங்கிலத்தில் உள்ளதைத் தமிழாக்குகிறார். ஒரு படைப்பைப் பிறர் எந்த நிபந்தனையில் பயன்படுத்தலாம் என்று சொல்லும் கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமங்களும் மொழிபெயர்ப்பை மூலத்திலிருந்து பிறந்த படைப்பாகத்தான் கொள்கின்றன, நம் இலக்கணமும் அதையே சொல்லியிருக்கிறது. நன்னூல் இன்னும் ஒரு படி போய், முன்னோர் முடிபோடு ஒத்துப்போய்ப் ‘பின்னோன் வேண்டும் விகற்பம் கூறி’ அமைவது வழிநூல் என்கிறது. பின்னால் வருகிறவன் தனக்கு வேண்டிய மாறுபாட்டைச் சேர்த்துக்கொள்கிறான்! நமக்கு வேண்டிய பொருள் முழுக்க இந்த நான்கு சொல்லில் இருக்கிறது.

ஓர் எடுத்துக்காட்டு. பருவகாலம் பற்றிய ஐரோப்பியப் பாடம் ஒன்றில் வசந்தம், கோடை, இலையுதிர், குளிர் என்று நான்கு இருக்கும், பனி பெய்யும், மரமெல்லாம் செம்மஞ்சளாக மாறி உதிரும். அதை அப்படியே மொழிபெயர்த்துக் கொடுத்தால் நாகப்பட்டினத்துப் பிள்ளைக்கு எதுவும் விளங்காது. ஐப்பசி கார்த்திகையில் ஏன் மழை கொட்டுகிறது என்பதுதான் அவள் பார்க்கிற பருவம். வடகிழக்குப் பருவக்காற்றைச் சேர்த்து, கார், கூதிர் என்று நம் ஆறு பெரும்பொழுதுகளையும் சேர்த்து, பூமியின் அச்சுச் சாய்வு பற்றிய பகுதியை மட்டும் மூலத்தில் உள்ளபடியே விட்டு வைத்தால், அது வழிநூல் சொல்கிற முறையில் அமைந்த பாடம்.

ஆகவே நான் முதலில் நினைத்தது ‘வழிப்பாடம்’. ஆனால் தமிழ்நாட்டில் அது ஓடாது. தமிழ்வழி, ஆங்கிலவழி என்று பயிற்றுமொழிக்கு ‘வழி’ ஆழமாக வேரூன்றிவிட்டது, ‘தமிழ் வழிப்பாடம்’ என்று திரையில் வந்தால் எல்லாரும் தமிழ்வழி வகுப்புக்கான பாடம் என்றே படிப்பார்கள். அதனால் ‘வழியாக்கம்’. மொழியாக்கம் என்ற சொல் ஏற்கெனவே புழக்கத்தில் இருப்பதால் அதே அச்சில் வார்த்தது போல இருக்கும், புதுச்சொல் என்ற உறுத்தல் குறைவு. வினையாக்கினால் ‘வழியாக்கு’. சேமி, பகிர், பதிவேற்று ஆகியவற்றின் பக்கத்தில் இடிக்காமல் நிற்கிறது.

‘தழுவல்’ இருக்கிறதே என்று கோவை ஐயா கேட்டது நியாயமான கேள்வி. பெயர்ச்சொல்லாக அது நல்ல சொல்தான், தழுவல் நாடகம், தழுவல் கதை எல்லாம் நமக்குப் பழக்கம். ஆனால் எட்டாம் வகுப்புப் பிள்ளைகளும் பயன்படுத்தப்போகிற திரையில் ‘தழுவு’ என்று ஒரு கட்டளைப் பொத்தான் வைக்க முடியாது ஐயா. தவிர, மூலத்தின் பெயரைச் சொல்லாமலே தழுவி எழுதிய கதைகளை நாம் நிறையப் பார்த்திருக்கிறோம். இங்கே மூலத்தைச் சொல்வது கட்டாயம். கிரியேட்டிவ் காமன்ஸின் 4.0 பதிப்பு 2013இல் வந்தது, அதன்படி மாற்றம் செய்திருந்தால் மாற்றியிருக்கிறேன் என்றும் குறிப்பிட வேண்டும். ஊடாடும் பாடங்கள் செய்ய உதவும் எச்5பி கருவியில் இதற்கென்றே ஆசிரியர் பெயர், உரிமம், செய்த மாற்றம் ஆகியவற்றை எழுத இடம் வைத்திருக்கிறார்கள். அந்தப் பெட்டிகளைத் தமிழில் நன்றாக எழுதிக்கொடுத்தாலே பாதி ஆசிரியர்கள் நிரப்புவார்கள் என்று நம்புகிறேன், இப்போது விளங்காததால் தாண்டிப் போகிறார்கள்.

உரிமங்களிலும் இந்தச் சொல் கைகொடுக்கிறது. சில பாடங்களில் மாற்றிய வடிவத்தைப் பகிரக் கூடாது என்ற நிபந்தனை இருக்கும். அதை ‘வழியாக்கத்தைப் பகிரக் கூடாது’ என்று ஒரே வரியில் சொல்லிவிடலாம். அந்த உரிமத்தின் 4.0 பதிப்பில் தனக்கென்று மாற்றி வைத்துக்கொள்ளத் தடையில்லை, பகிர்வதற்குத்தான் தடை, ஆகவே ‘வழியாக்கம் கூடாது’ என்று மொட்டையாக எழுதிவிட வேண்டாம்.

ஒன்றை மட்டும் இதிலிருந்து பிரித்து வைக்க வேண்டும். ஐந்தாறு பேருடைய பாடங்களை எதையும் மாற்றாமல் வரிசையாக ஒரே பக்கத்தில் அடுக்கினால் அது வழியாக்கம் ஆகாது. ‘அதே உரிமத்தில் பகிர்’ என்ற நிபந்தனையும் வழியாக்கத்துக்குத்தான், இப்படி அடுக்குவதற்கு இல்லை. மூடுலில் பாடத்திட்டம் அமைக்கிற ஆசிரியர்களுக்கு இந்த வேறுபாடு நிஜமாகவே தேவைப்படும். இதற்குப் ‘பாடத்தொகை’ என்று வைத்துக்கொள்ளலாம். எட்டுத்தொகையில் ஒவ்வொரு பாட்டும் அந்தந்தப் புலவருடையதாகவேதானே நிற்கிறது, அந்தத் தொகைதான் இதுவும். மரபியல் சொல்கிற ‘தொகுத்தல்’ சுருக்குவது என்ற பொருளில் வருவது, அதோடு இதைக் குழப்பிக்கொள்ள வேண்டாம்.

மூலத்துக்கு என்ன சொல் என்பதில்தான் எனக்கு இன்னும் தெளிவில்லை. ‘முதற்பாடம்’ என்றால் முதலாம் பாடம் என்று ஆகிவிடும். ‘மூலப்பாடம்’ தமிழ்நாட்டில் ஒத்துவரும், ஆனால் இலங்கையில் பயிற்றுமொழியைத் ‘தமிழ் மொழிமூலம்’ என்கிறார்கள், நமக்கு ‘வழி’யில் வந்த சிக்கல் அவர்களுக்கு ‘மூல’த்தில் வந்துவிடும் போலிருக்கிறது. யாழ்ப்பாணம், மட்டக்களப்புப் பக்கத்து ஆசிரியர்கள் இந்தக் குழுவில் இருக்கிறீர்கள், ‘மூலப்பாடம்’ என்று திரையில் பார்த்தால் உங்களுக்கு முதலில் என்ன தோன்றும் என்று எழுதுங்கள். ‘மூலப்படைப்பு’ என்று மாற்றினால் சரியாகுமா, இல்லை ‘வழியாக்கப்பட்டது’, ‘எதிலிருந்து’ என்று இரண்டு வரியாகவே விட்டுவிடலாமா?