அரும்பு, மொட்டு, மலர்: பிள்ளைகளை நிலைவாரியாகப் பிரிப்பது சரியா?

கரிசல் டீச்சர்:
கொரோனா விடுமுறை முடிந்து பள்ளி திறந்தபோது என் மூன்றாம் வகுப்பில் ஒரு பக்கம் கதைப்புத்தகம் வாசிக்கும் பிள்ளைகள்; மறுபக்கம், பெற்றோருடன் செங்கல் சூளைக்குப் போய் வந்தவர்கள். ‘படம்’, ‘பாடம்’ இரண்டும் அவர்களுக்கு ஒன்றாகவே தெரிந்தன. இருவருக்கும் ஒரே பாடத்தை நடத்தினால் இடைவெளி கூடத்தான் செய்யும். 2022இல் வந்த தமிழக அரசின் எண்ணும் எழுத்தும் திட்டம், பிள்ளைகளைக் கற்றல் நிலைப்படி அரும்பு (தொடக்க நிலை), மொட்டு (இடைநிலை), மலர் (மேல்நிலை) எனப் பிரித்துக் கற்பிக்கச் சொன்னது. என் வகுப்பில் பலன் கிடைத்தது.

வேலுவின் அப்பா:
டீச்சர், மன்னிக்க வேண்டும். எங்கள் ஊர்ப் பள்ளியில் அரும்பு வரிசையில் இருப்பவர்கள் அநேகமாக எல்லாரும் காலனிப் பிள்ளைகள். தெருவில் இருந்த கோடு வகுப்புக்குள்ளும் வந்துவிட்டது. பக்கத்து வீட்டுப் பையன் எட்டிப் பார்த்தால் என் மகன் பயிற்சி நூலைக் கையால் மறைக்கிறான். ஏழு வயதில் அவனுக்கு இந்த வெட்கம் எதற்கு?

இல்லம் தேடி தன்னார்வலர்:
அண்ணா சொல்வது உண்மை. 2021இல் தொடங்கிய இல்லம் தேடிக் கல்வியில் மாலையில் எங்கள் தெருப் பிள்ளைகளுக்கு நான் பாடம் சொல்லிக் கொடுத்தேன். அங்கே எல்லாரும் ஒரே பாயில்தான் உட்கார்ந்தார்கள். பெரியவள் சின்னவனுக்கு எழுத்துக் கூட்டிக் கொடுத்தாள்.

கரிசல் டீச்சர்:
தம்பி, அது மாலை நேரம். ஐந்து வகுப்புக்கு இரண்டே ஆசிரியர்கள் உள்ள பள்ளியில், பிரிக்காமல் யாருக்கு என்ன சொல்லிக் கொடுப்பேன்? ஆனால் வேலுவின் அப்பா சொன்ன வரிசை தவறு, அதில் எனக்கு மறுப்பே இல்லை. நிலை பாடத்துக்குத்தான், உட்காரும் இடத்துக்கு அல்ல. தமிழில் அரும்பாக இருப்பவன் கணக்கில் மலராக இருப்பான். ஆண்டு முழுக்க ஒரு பிள்ளை ஒரே நிலையில் நின்றால் அந்தக் குறை எங்களுடையது.

வேலுவின் அப்பா:
அப்படியானால் என் மகன் ஜூனிலிருந்து அரும்பிலேயே நிற்கிறானே, அதற்கு யார் பொறுப்பு? கூலிக்குப் போகும் நான் பள்ளிக்குப் போய்க் கேட்டால் பதில் சொல்வார்களா?

கரிசல் டீச்சர்:
கேளுங்கள் ஐயா. பள்ளி மேலாண்மைக் குழுவில் பெற்றோர்தான் பெரும்பான்மை. அந்தக் கூட்டத்திலேயே கேளுங்கள். பையனுக்கு எது வரவில்லை?

வேலுவின் அப்பா:
கடன் வாங்கிக் கழித்தல். 32இல் 17 போகச் சொன்னால் 25 என்கிறான்.

கரிசல் டீச்சர்:
இரண்டிலிருந்து ஏழு போகாது என்பதால் ஏழிலிருந்து இரண்டைக் கழித்துவிடுகிறான். விளக்குமாற்றுக் குச்சிகளைப் பத்துப் பத்தாகக் கட்டி மூன்று கட்டு, உதிரியாக இரண்டு வையுங்கள். ஒரு கட்டை அவனே அவிழ்க்கட்டும். இன்று இரவே செய்து பாருங்கள்.