ஒரே சாயலில் வரும் ஆப்பிரிக்க சிர்பிட் ஈக்கள்: நீங்கள் தடுமாறிய அனுபவம் என்ன?

டர்பனிலிருந்து எழுதுகிறேன். ஊரில் செடியில் அசுவினி விழுந்தால் பின்னாலேயே வந்து அந்தரத்தில் நிற்குமே, மஞ்சள் பட்டை போட்ட சிர்பிட் ஈ, அது ஒன்றுதான் எனக்குப் பழக்கம். இங்கே குடிவந்த முதல் மாதமே வீட்டுத் தோட்டத்தில் அதே ஈ. மார்பின் இரண்டு ஓரமும் அதே மஞ்சள் கோடு. ஊர்க்காரரைப் பார்த்த மாதிரி சந்தோஷம். இஸ்கியோடான் ஸ்குடெல்லாரிஸ் என்று பெயர் போட்டு ஐநேச்சுரலிஸ்டில் (பார்த்த உயிரினங்களின் படத்தைப் போட்டுப் பெயர் சரிபார்க்கும் இணையதளம்) படத்தை ஏற்றிவிட்டேன். அன்று மாலையே ஒருவர் திருத்தினார்: ஸ்குடெல்லாரிஸ் ஆசியப் பக்கத்து ஈ, இங்கே இருப்பது அதன் ஒன்றுவிட்ட சொந்தம், இஸ்கியோடான் ஈஜிப்டியஸ்.

இஸ்கியோடான் என்றால் கிரேக்கத்தில் இடுப்புப் பல். ஆண் ஈயின் பின்னங்கால் உடம்போடு சேரும் இடத்தில், தொடைக்குச் சற்று மேலே, ஒரு முள் நீட்டிக்கொண்டிருக்கும். என் படங்கள் எல்லாமே மேலிருந்து எடுத்தவை. முள் இருந்ததா இல்லையா என்பதே தெரியவில்லை. அது தெரிந்திருந்தால் அல்லோகிராப்டா மாதிரி மஞ்சள் ஈக்களிலிருந்து பேரினத்தையாவது உறுதியாகப் பிரித்திருக்கலாம்.

அதற்கப்புறம் மாட்டியது தேனீ மாதிரி இருக்கும் ஈக்கள். 1849இல் தொடங்கிய தாவரவியல் பூங்கா இங்கே இருக்கிறது. ஒரு நாள் காலையில் அங்கே ஒரே பூச்செடியில் மூன்று. மூன்றும் பழுப்பு, மூன்றும் தேனீ அளவு. குனிந்து முகத்தருகே போனபோதுதான் ஒன்றின் கண் தெரிந்தது. மேலிருந்து கீழே கருங்கோடுகள், ஏதோ சேலைக்கரை போல. எரிஸ்டாலினஸ் டேனியாப்ஸ். பக்கத்தில் இருந்ததற்குக் கண்ணில் கோடு இல்லை, மிளகு தூவியது போலப் புள்ளிகள். அதுவும் எரிஸ்டாலினஸ்தான், ஆனால் புள்ளிக் கண்காரர்கள் பல இனம் உண்டு, அங்கே அவசரப்பட்டுப் பெயர் வைக்கக் கூடாது. மூன்றாவதின் கண்ணில் கோடும் இல்லை, புள்ளியும் இல்லை. அடர்ந்த மயிர் மட்டும் இரண்டு செங்குத்துப் பட்டைகளாக நின்றது. அது எரிஸ்டாலிஸ் டேனாக்ஸ், உலகம் முழுக்கப் பரவிய ஈ. பின்னங்கால் தடித்து வளைந்திருப்பதும் அதற்கு அடையாளம்.

மூன்றுக்கும் இறக்கையில் ஒரு நரம்பு நேராகப் போகாமல் கீழ்நோக்கி ஆழமாகத் தொங்கி வளையும். அந்த வளைவைப் பார்த்தாலே எந்தக் கூட்டம் என்று பாதி தெரிந்துவிடும். வயிற்றுப் பட்டையை நம்பி நான் வீணாக்கிய நாட்கள் நிறைய. ஒரே இனத்திலேயே பட்டையின் அகலம் மாறும், குளிரில் வளர்ந்தவை கறுத்துப்போகும். இப்போதெல்லாம் முதல் படம் கண்ணுக்கு, அடுத்தது விரித்த இறக்கைக்கு, அப்புறம் பக்கவாட்டில் பின்னங்காலுக்கு. வயிறு கடைசியில்தான்.

*

அக்கா, நைரோபியில் என் கதை இதைவிடச் சின்னது, அளவில் சொல்கிறேன். சுக்குமா விக்கி கீரையில் அசுவினி கூட்டமாக இருந்தது, நடுவே கறுப்பாக அரிசி நீளம்கூட இல்லாத ஈ. பராகஸ் என்ற சிர்பிட் பேரினம். லென்ஸ் வைத்தால் கண்ணில் வெள்ளை மயிர் தெரியும். மயிர் வரிவரியாக இருந்தால் ஒரு துணைப்பேரினம், கண் முழுக்க ஒரே சீராக இருந்தால் இன்னொன்று. என்னுடையது சீராக இருந்தது. ஹெமரோஸ், டிபியாலிஸ் எல்லாம் அந்தக் கூட்டம்தான். அங்கே ஆணின் பிறப்புறுப்பை நுண்ணோக்கியில் பார்த்தால்தான் பெயர். பெண்ணாக இருந்தால் தோற்றத்தை வைத்துப் பிரிக்க வழியே இல்லை. என்னுடையது பெண். பராகஸ் என்று மட்டும் எழுதி வைத்திருக்கிறேன், அதில் எனக்குக் குறையில்லை. தப்பான பெயர் இனங்களின் பரவல் வரைபடத்தில் ஏறினால் அதை நம்பி இன்னும் பத்துப் பேர் தப்புவார்கள்.

*

கம்பாலா. இங்கே பாப்பிரஸ் நாணல் ஓரம் மெசெம்ப்ரியஸ் என்ற சிர்பிட் ஈ நிறைய வரும். மஞ்சளும் கறுப்பும் கோடு போட்ட மார்பு. எரிஸ்டாலினஸுக்கு இறக்கையின் முன்விளிம்பில் ஒரு அறை மூடியிருக்கும், இதற்கு அது விளிம்பு வரை திறந்திருக்கும். பேரினம் வரை சுலபம்.

அதற்கு மேல்தான் சிக்கல். ஆண்களுக்குக் காலில் மயிர்க்கற்றை, புடைப்பு என்று ஏதாவது அடையாளம் இருக்கும். பெண்களுக்கு அது எதுவும் இல்லை. பெல்ஜியத்தின் டெர்வூரன் அருங்காட்சியகத்தைச் சேர்ந்த குர்ட் ஜோர்டான்ஸ் குழுவினர் 2021இல் ஆப்பிரிக்க மெசெம்ப்ரியஸ் முழுவதையும் மறுபடி ஆராய்ந்தபோது உருவத்தோடு டிஎன்ஏவையும் சேர்த்துத்தான் பார்த்தார்கள். அதைப் படித்த பிறகு என் பழைய பெண் ஈ படங்களில் நான் வைத்திருந்த இனப்பெயர்களை எல்லாம் எடுத்துவிட்டேன்.

ஒரே ஒரு படத்தை மட்டும் தொடவில்லை. போன மழைக்கு அப்புறம் ஒரு நாணல் தண்டில் ஜோடியாக உட்கார்ந்திருந்தவை. மேலே ஆண், பின்னங்கால் மயிர்க்கற்றை தெளிவாகத் தெரிகிறது. கீழே பெண். ஆணின் பெயர் உறுதியானால் அந்தப் பெண்ணுக்கும் பெயர் கிடைக்கும். படத்தை நாளை இங்கே போடுகிறேன், காலைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள்.