ரிவால்வர் எடுத்தால் மட்டும் குறி தவறுகிறது

பயிற்சியாளர்கள் யாராவது வழி சொல்லுங்கள். 25 மீட்டரில் செமி ஆட்டோமேட்டிக் பிஸ்டலால் சுட்டால் துளைகள் உள்ளங்கை அகலத்துக்குள் அடங்குகின்றன. ரிவால்வரிலோ இடது கீழ்ப்பக்கம் இறங்கிவிடுகின்றன. நான் வலக்கைக்காரன்.

துப்பாக்கியைக் குறைசொல்ல மனம் வரவில்லை. ரிவால்வரின் குழல் அசையாமல் சட்டத்தோடு பொருத்தப்பட்டது. பல பிஸ்டல்களில் ஒவ்வொரு சூட்டுக்கும் குழல் சற்றுச் சாய்ந்து மீள்கிறது. மேலும், சுத்தியலைக் கட்டைவிரலால் பின்னிழுத்து வைத்துவிட்டுச் சுட்டால் இதே ரிவால்வர் குறி தவறுவதில்லை. விசையையே முழுதாக இழுத்துச் சுடும்போதுதான், தோட்டாக்கள் இருக்கும் சிலிண்டர் சுழன்று முடிவதற்குள் குழல் நுனியிலுள்ள முன்குறி நடுங்கிச் சரிகிறது. பாழாய்ப்போன நீண்ட இழுப்பு!

விசைவில்லை மென்மையாக்கலாமா? சுத்தியலின் அடி வலுவிழந்து தோட்டா வெடிக்காமல் போகுமோ என்று பயம். அல்லது தோட்டா இல்லாமல் விசையை இழுத்துப் பழகும் வெற்றுப் பயிற்சியிலேயே விரல் பழகிவிடுமா? விசைமேல் விரலின் நுனியை வைப்பதா, முதல் மூட்டை வைப்பதா?