கூட்டுக் கவனமா, உடனோக்கா?

குழுவினர் அனைவருக்கும் வணக்கம்.

இருவர் ஒரே பொருளைக் கவனிக்கிறார்கள். மற்றவரும் அதைத்தான் கவனிக்கிறார் என்பது இருவருக்கும் தெரிந்திருக்கிறது. இந்த நிலைக்கு ஒரு சொல் வேண்டும் என்றுதான் இந்த இழை தொடங்கியது. பேச்சுப் பயிற்சிக்கு வரும் குழந்தைகளின் பெற்றோருக்காகக் கோபிசெட்டிபாளையம் பக்கம் நாங்கள் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறோம். பக்கத்துக்குப் பக்கம் இந்தச் சொல் தேவைப்படுகிறது. நான் முன்வைப்பது: உடனோக்கு.

> கூட்டுக் கவனம் என்று ஏற்கெனவே சிலர் எழுதுகிறார்கள். அதையே வைத்துக்கொண்டால் என்ன?

கூட்டு என்றதும் கொங்கு நாட்டில் நினைவுக்கு வருவது கூட்டுக் கிணறு. பங்காளிகள் முறை வைத்துத் தண்ணீர் பாய்ச்சுவார்கள். ஒருவர் முறையில் இன்னொருவர் மோட்டார் போட முடியாது. கவனம் அப்படிப் பங்கு பிரிவதில்லை. நான் பார்க்கிறேன் என்று தெரிந்தால் நீங்கள் இன்னும் கூர்ந்து பார்ப்பீர்கள். பகிர்வுக் கவனத்துக்கும் இதே சிக்கல்தான். இணைக் கவனம் பரவாயில்லை, ஆனால் பேருந்து நிறுத்தத்தில் நிற்கும் முன்பின் தெரியாத பத்துப் பேர் ஒரே பேருந்தைப் பார்ப்பதையும் அது குறித்துவிடும். நமக்கு வேண்டியது, ‘நீயும் இதைத்தான் பார்க்கிறாய், எனக்குத் தெரியும்’ என்ற அந்தக் கூடுதல் முடிச்சு. உடன்பாடு, உடன்படிக்கை என்ற சொற்களில் இருக்கும் ‘உடன்’ அந்த முடிச்சைத் தாங்கும்.

இது குழந்தை வளர்ப்புக்கு மட்டும் உரிய சொல் இல்லை, இலக்கணத்துக்கும் வேண்டியது என்பதால்தான் இவ்வளவு பேசுகிறேன். பள்ளியில் சுட்டைத் தொலைவை வைத்தே படித்தோம்: இ அண்மைக்கு, அ சேய்மைக்கு. பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்பில் தேங்காய் போடும்போது நின்று கேட்டால் இது போதாது என்று தெரிந்துவிடும். கீழே நிற்பவர் “அந்தக் குலைங்க” என்று விரலை நீட்டுகிறார். மட்டைகளுக்கு நடுவே இருப்பவருக்கு விரல் தெரியாது. அவர் அரிவாளால் ஒரு குலையைத் தொட்டு “இதுங்களா?” என்கிறார். “அதில்லீங்க, அக்கட்டால (அந்தப் பக்கம்).” இன்னொன்றைத் தொடுகிறார். “அதேதானுங்க.” குலையும் நகரவில்லை, ஆட்களும் நகரவில்லை, தொலைவு முதலில் இருந்ததுதான். முதலில் சொன்ன ‘அந்த’ பயன்படவில்லை, கடைசியில் சொன்ன ‘அதே’ பயன்பட்டது. நடுவில் உண்டானது உடனோக்கு.

இன்னும் நுட்பமான சான்று ‘அதோ’. வண்டியில் போகும்போது, வேறெங்கோ பார்த்துக்கொண்டிருப்பவரிடம் “அதோ, எங்க தோட்டம்” என்கிறோம். அவர் திரும்பிப் பார்த்துவிட்டு “அந்த ஓட்டு வீடு யாருது?” என்று கேட்டால், “அது எங்க பெரியப்பாவுது” என்போம். அங்கே “அதோ எங்க பெரியப்பாவுது” என்று யாரும் சொல்ல மாட்டோம். தோட்டமும் வீடும் ஒரே தொலைவில்தான் இருக்கின்றன. கேட்பவர் கவனம் இன்னும் வந்து சேராதபோது அதோ, வந்து சேர்ந்தபின் அது. துருக்கி மொழியில் ‘ஷு’ என்ற சுட்டுச்சொல் இதே வேலையைச் செய்கிறது. கேட்பவர் அந்தப் பொருளை இன்னும் பார்க்கவில்லை என்றால்தான் அது வரும் என்று குழந்தைகளின் பேச்சையும் பெரியவர்கள் பேச்சையும் ஆய்ந்தவர்கள் காட்டியிருக்கிறார்கள். ஜெர்மன் மொழியியலாளர் ஹோல்கர் டீசல் 2006இல் எழுதிய கட்டுரையில் இன்னும் ஒரு படி மேலே போகிறார்: பேசுபவர், கேட்பவர் இருவரின் கவனத்தையும் ஒன்றில் கொண்டு சேர்ப்பதுதான் சுட்டுச்சொற்களின் அடிப்படை வேலை என்கிறார்.

நம் உரையாசிரியர்களுக்கும் இந்தப் பக்கம் புலப்பட்டிருக்கிறது. தொல்காப்பியம் “அ இ உ அம் மூன்றும் சுட்டு” என்று நிறுத்திக்கொள்கிறது. ஆனால் உரைகளில் பண்டறிசுட்டு (முன்பே அறிந்ததைச் சுட்டுவது), உலகறிசுட்டு (உலகம் அறிந்ததைச் சுட்டுவது), நெஞ்சறிசுட்டு (மனம் அறிந்ததைச் சுட்டுவது) என்ற பெயர்கள் வருகின்றன. மூன்றிலும் தொலைவு பேச்சே இல்லை. ‘அறி’ என்பதுதான் நடுவில் நிற்கிறது. “அந்த ஆளு வந்தாருங்களா?” என்று யாரும் கண்ணெதிரே இல்லாதபோது கேட்கிறோமே, அந்த ‘அந்த’வை விளக்க இந்தப் பெயர்கள் இன்றைக்கும் போதும். இவ்வளவு நல்ல கலைச்சொற்களைப் பாடநூல்கள் ஏன் ஓரமாக வைத்துவிட்டன என்பது எனக்கு உண்மையிலேயே வருத்தம்.

> நோக்கு என்றால் கண் மட்டும்தானே? பார்வையில்லாத குழந்தைக்குப் பொருந்தாதே?

நல்ல கேள்வி. தொட்டும் கேட்டும் கவனத்தை ஒன்றாக்கிக்கொள்ளும் குழந்தைகள் உண்டு; சொல் அவர்களை வெளியே விடக் கூடாது. ஆனால் நோக்கு கண்ணோடு நின்றுவிடும் சொல் இல்லை. தொல்காப்பியச் செய்யுளியலில் “நோக்குதற் காரணம் நோக்கெனப் படுமே” என்று வருவது, கேட்பவர் மனத்தைச் செய்யுள் தன் மேல் நிறுத்துவதைப் பற்றி. நோக்கம் என்ற சொல்லிலும் மனம்தான் இருக்கிறது. ‘உடன்’, ‘நோக்கு’ இரண்டும் சேர்ந்தால் உடனோக்கு என்று வருமா எனப் புணர்ச்சி பற்றி ஐயம் எழுப்பியவருக்கு: உடன் + நிலை உடனிலை ஆவது போல உடன் + நோக்கு உடனோக்கு. ‘உடனே பார்’ என்று யாராவது புரிந்துகொள்வார்களோ என்ற அச்சம் வேண்டாம். உடன்பிறப்பை யாரும் அப்படிப் புரிந்துகொள்வதில்லை.

சரி, பெற்றோருக்கு இது புரியுமா? முதல் முறை வரும் இடத்தில் “நீங்களும் குழந்தையும் ஒட்டுக்காப் (ஒன்றாகப்) பார்ப்பது” என்று எழுதிவிடப் போகிறோம். எங்கள் பக்கத்தில் ‘ஒட்டுக்கா’வுக்கு விளக்கமே தேவையில்லை. அப்புறம் விரல் நீட்டுதலையும் இரண்டாகப் பிரிக்க வேண்டியிருக்கிறது. பிஸ்கட் வேண்டும் என்று நீட்டுவது கேட்கும் சுட்டல். நிலாவை நீயும் பார் என்று நீட்டுவது காட்டும் சுட்டல். 9 முதல் 12 மாதத்துக்குள் பெரும்பாலான குழந்தைகளிடம் உடனோக்கு தெரியத் தொடங்கும். காட்டும் சுட்டல் வராமல் தள்ளிப்போவது ஆட்டிசத்தின் தொடக்க அறிகுறிகளில் ஒன்று. ஆகவே இந்த இரண்டு சொற்களும் பெற்றோர் வாயில் எளிதாகப் புழங்க வேண்டும். இங்கே செந்தமிழ் அழகைவிட எளிமையே எனக்கு முக்கியம்.

அதோ, இதோ வகைக்கும் ஒரு பெயர் தேவை. பண்டறிசுட்டு போலவே வினைத்தொகையாக ‘அழைசுட்டு’ என்று வைக்கலாம் என்பது என் எண்ணம். இதைவிடப் பொருத்தமானது இருந்தால் எழுதுங்கள்.

யாழ்ப்பாணத்து நண்பர்களிடம் ஒரு வேண்டுகோள். உது, உவன், உங்கை போன்ற உகரச் சுட்டுகள் எல்லாம் உங்கள் பேச்சில் இன்னும் உயிரோடு இருப்பவை. கேட்பவர் பக்கத்தில் ஒரு பொருள் இருந்து, அதை அவர் கவனிக்கவே இல்லை என்றால், அப்போதும் ‘உது’ என்பீர்களா? அல்லது அவர் அதைக் கையில் எடுத்த பிறகுதான் அந்தச் சொல் வருமா?